நம்ம ஆளுங்களா பாத்து வை

காட்டுப்பாக்கம்
19.12.2024

கஜபதிக்கு வடிவு எழுதுவது.

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

பட்டாபிராமில் இருக்கும் என் வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து உன்னை நிறுத்துகிறேன். என் பெண் ரேவதி இதைப் போனில் சொன்னபோது, "எழுத்துல குடுக்கணும் மேடம், அக்ரிமெண்ட்ல அப்டித்தான் கீது" என்றாயாம். இதோ எழுத்து. ஐந்தாவது படித்தவளின் எழுத்து, கூட்டிப் படித்துக்கொள். ரேவதி தானே எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் எழுதினால் 'தயவுசெய்து' என்று ஆரம்பிப்பாள்.

நீயும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இடது காது போய்விட்டது, வலது காது பாதிதான். போனில் பேசினால் நீ சொன்னதுதான் கடைசியில் நிற்கும். காகிதத்தில் சொன்னதை நீ விழுங்க முடியாது.

உன் மேல் எனக்குள்ள குறைகளை எழுதினால் தாள் போதாது. இருந்தாலும் சிலதைச் சொல்கிறேன், கிழவி மறந்துவிட்டாள் என்று நீ நினைக்கக் கூடாது. டூலெட் போர்டைக் கேட்டில் கட்டச் சொன்னேன். நீ வாசல் நிலையில் ஆணி அடித்தாய், நான் மஞ்சள் பூசுகிற இடத்தில். கறிவேப்பிலைச் செடியின் இலை தொட்டியில் விழுகிறது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக வேரோடு வெட்டினாய். போன சித்திரையில் வீட்டைப் பார்க்கலாம் என்று இரண்டு பஸ் மாறி வந்தேன். "டெனண்ட் தூங்கிகினு கீறாங்கம்மா, அப்பறம் வாங்க" என்று கேட்டிலேயே நிறுத்தி வைத்தாய். என் வீட்டு வாசலில் நான் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதையெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டைக் கேட்டு வந்த ஒருத்தியை, என் பேரைச் சொல்லி, நான் சொன்னதாக ஒரு வார்த்தையைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாய். அவள் யார், அந்த வார்த்தை என்ன என்று நீயே எழுது. உன் வாயால் வருகிறதா பார்க்கிறேன்.

இப்போது மார்கழி. யாரும் குடி வர மாட்டார்கள், வீடு காலியாக இருக்கிறது. தை பிறப்பதற்குள் சாவி என் கைக்கு வர வேண்டும்.

வடிவு


பட்டாபிராம்
24.12.2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, கஜபதி பணிவுடன் எழுதிக்கொள்வது.

தங்கள் பதிவுத் தபால் கிடைத்தது. தபால்காரர் கையெழுத்துக் கேட்டபோது கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்து, ஆபீசில் வீடு பார்க்க வந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

அம்மா, என் அப்பா ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸ் கேட் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த காலத்திலிருந்து உங்களை எனக்குத் தெரியும். முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் நீங்கள் மகள் வீட்டோடு போனபோது, வீட்டை யாரிடம் விடுவது என்று தேடி என்னிடம்தான் வந்தீர்கள். அன்றிலிருந்து ஒரு குறை வைத்ததில்லை. ஆணி விஷயம் வேலைக்காரப் பையன் செய்தது. கறிவேப்பிலை வேறு வைத்துத் தருகிறேன். சித்திரையில் நடந்ததற்கு மன்னிக்கவும், அந்த டெனண்ட் நைட் ஷிப்ட் பார்ப்பவர்.

யாரைத் திருப்பி அனுப்பினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம், தண்ணீர் நல்ல தண்ணீர். கேட்டு வருபவர்கள் நிறைய. ஒருவேளை அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குப் போகிற பேச்சிலர் பையன்களைச் சொல்கிறீர்களா? இல்லை நாய் வைத்திருந்த அம்மாவையா? ஒரு போலீஸ்காரர் வந்தார், ஒரு வக்கீல் வந்தார், அவர்களுக்கு யாரும் தர மாட்டார்கள். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் வந்தது. சாமி ரூம் இருக்கிறது என்று சொல்லி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தை அனுப்பினேன். வடநாட்டுக்காரர்கள் வந்தார்கள். எல்லோரிடமும் மரியாதையாகத்தான் சொன்னேன். ஓனரம்மா ஒத்துக்க மாட்டாங்க என்று சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம். யார் மனமும் நோகாது, பேச்சும் வளராது.

தை முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சி வர ஒரு குடும்பம் தயாராக இருக்கிறது. அரக்கோணத்துக்காரர்கள். அமைதியானவர்கள். இதுவரை வைத்த எல்லோரையும் போல நம்ம ஆளுங்கதான். வார்த்தை கொடுத்துவிட்டேன். தயவுசெய்து கோபத்தை விட்டுவிட்டு ரேவதி மேடத்தை எனக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ரேவதி மேடத்திடம் என்னைப் 'புரோக்கர்' என்று சொன்னீர்களாம். போர்டில் கன்சல்டண்ட் என்று போட்டிருக்கிறேன் அம்மா.

கஜபதி


காட்டுப்பாக்கம்
28.12.2024

புரோக்கர் கஜபதிக்கு,

நான் ஒருத்தியைக் கேட்டேன். நீ ஒரு பஸ் நிறைய ஆளைக் காட்டுகிறாய்.

அந்தப் புருஷன் இல்லாத பெண்ணை நான் எப்போதடா வேண்டாம் என்றேன்? நானே புருஷன் இல்லாதவள். நாயை நான் எப்போது வேண்டாம் என்றேன்? அத்தனை பேரும் இப்போது எங்கெங்கேயோ உட்கார்ந்து, பட்டாபிராமில் ஒரு ஓனரம்மா இருக்கிறாள் என்று என்னைத்தானே பேசிக்கொண்டிருப்பார்கள்? என் முகத்தை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து உட்கார முடியவில்லை. பால்கனிக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கீழ் வீட்டுக்காரர்கள் கைத்தடிச் சத்தம் கேட்கிறது என்று ரேவதியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானே சொல்கிறேன்.

அவள் பேர் ஜமீலா. குவார்ட்டர்ஸில் எனக்கு எதிர் வீடு. அவள் புருஷன் பஷீரும் என் வீட்டுக்காரரும் டாங்கி பேக்டரியில் ஒரே ஷாப்பு, ஒரே பிரிவில் வேலை. எங்கள் பிள்ளைகள் எந்த வீட்டில் சாப்பிட்டார்கள் என்று சாயங்காலம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்வோம். என் வீட்டுக்காரர் போனபோது என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள். அப்படிப்பட்டவள் இரண்டு வருஷமாக என்னை எட்டிப் பார்க்கவில்லை. இடுப்பு ஒடிந்து கிடந்தபோதும் வரவில்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை. செத்தாலும் இவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று நான் மனசில் முடிச்சுப் போட்டுவிட்டேன். நான் முடிச்சுப் போட்டால் அவிழ்க்கிறவள் இல்லை, அது உனக்கும் தெரியும்.

போன மாதம் இருதயராஜ் மகள் ரோஷினிக்குக் கல்யாணம். அவரும் பழைய குவார்ட்டர்ஸ்காரர்தான். மண்டபத்தில் ஜமீலா இருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன், அவளும் அப்படியே. கை கழுவுகிற இடத்தில் இரண்டு பேரும் ஒரே குழாய்க்கு வந்துவிட்டோம்.

"இடுப்பு ஒடஞ்சு கெடந்தேன். செத்துட்டேனான்னு பாக்கவாவது வந்திருக்கலாம்" என்றேன்.

"நான் இன்னாத்துக்கு வரணும்? நான்தான் உன் ஆளு இல்லியே" என்றாள்.

"என்னாடி சொல்ற?"

"தெரியாத மாரி கேக்காத. அவரு ரிட்டையர் ஆயி குவார்ட்டர்ஸ காலி பண்ண சொன்னப்போ, உன் ஊட்ல போர்டு தொங்கிகினு இருந்திச்சி. எங்க வடிவக்கா ஊடுதானேன்னு சிரிச்சிகினே போனேன். உன் ஏஜெண்ட்டு பேரக் கேட்டான். சொன்னேன். 'ஓனரம்மா நம்ம ஆளுங்களா பாத்து வைக்கச் சொல்லிக்கீறாங்க'ன்னான்."

"அவன் சொன்னா நீ நம்பிடுவியா?"

"வேற எதச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நம்ம ஆளுங்கற வார்த்த யாரு வார்த்தன்னு எனக்குத் தெரியாதா?"

கையைக்கூடத் துடைக்காமல் போய்விட்டாள்.

இப்போது தெரிகிறதா? அரக்கோணத்துக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு வேறு வீடு பார். என் வீடு ஜமீலாவுக்கு. நீ அவள் வீட்டுக்குப் போய், வடிவு உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் சாவியை மட்டும் அனுப்பினால் வாங்க மாட்டேன்.

வடிவு


பட்டாபிராம்
3.1.2025

அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. ரேவதி மேடத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். "அம்மா எழுதறதுதான் சார், நான் தலையிட மாட்டேன்" என்கிறார். அதனால் மனதில் உள்ளதை எழுதிவிடுகிறேன். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

அந்த வார்த்தையை நான் கட்டிச் சொல்லவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள். என் ஆபீஸ் பெஞ்சில், நடக்கிற ஸ்டாண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சாவியை என் கையில் வைத்துவிட்டு, "நம்ம ஆளுங்களா பாத்து வைப்பா கஜபதி" என்றீர்கள். "அத்த நான் பாத்துக்கிறேம்மா" என்றேன். வேறு ஒரு கேள்வி நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏன் கேட்க வேண்டும்? தினம் ஒரு ஓனர் இந்த பெஞ்சில் உட்கார்ந்து இதைத்தான் சொல்கிறார். சிலர் கதவைச் சாத்திவிட்டுச் சொல்வார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இந்தத் தொழிலில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அதைத் திருப்பிக் கேட்பவன் ஏஜெண்ட் இல்லை, பைத்தியம். என் மகள் போரூரில் ஐடி கம்பெனியில் சேர்ந்தபோது அவளுக்கு வீடு பார்க்கப் போனேன். அங்கே ஒருவர் என்னைக் கேட்டார், நீங்க என்ன ஆளுங்க என்று. சொன்னேன். வீடு முடிந்துவிட்டது என்றார். நான் ஒன்றும் கோபப்படவில்லை. என்னைப் போல அவரும் ஒரு ஏஜெண்ட்.

ஜமீலா அம்மா வந்தது இப்போது ஞாபகம் வருகிறது. கையில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. போகும்போது அதை மறந்துவிட்டுப் போனார்கள், நான்தான் பின்னாலேயே ஓடிப் போய்க் கொடுத்தேன். அவ்வளவு மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் இதுவரை நான் வைத்த குடித்தனங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆட்கள். ஒவ்வொரு முறையும் பேரும் ஊரும் உங்களுக்குச் சொன்னேன். ஆவடியில் எத்தனை விதமான ஜனங்கள் இருக்கிறார்கள் என்று முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்த உங்களுக்குத் தெரியாதா? அவர்களில் ஒருத்தர்கூட ஏன் வீடு கேட்டு வரவில்லை என்று ஒரு நாளாவது என்னைக் கேட்டீர்களா? "நல்லவங்களாப்பா?" என்று மட்டும்தான் கேட்டீர்கள்.

ஜமீலா அம்மா வீட்டுக்கு நான் போக முடியாது. போய் நின்றால் நாளைக்கு ஆவடி முழுக்கப் பேச்சாகிவிடும். கஜபதி வாயைத் திறந்து சொல்லிவிட்டான் என்று ஒரு ஓனரும் என்னிடம் வர மாட்டார். சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வாங்குவதும் திருப்பி அனுப்புவதும் உங்கள் இஷ்டம். அரக்கோணத்துக்காரர்களுக்கு நான் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கஜபதி


காட்டுப்பாக்கம்
8.1.2025

கஜபதிக்கு,

உன் சாவி வந்தது. வாங்காமல் திருப்பிவிட்டேன். தபால்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

ஒரு நாளாவது கேட்டீர்களா என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைப் படித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் எடுத்துப் படித்தேன். அதைப் பற்றி உனக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை.

நம்ம ஆளு என்றால் உன் தொழிலில் ஒரே அர்த்தம்தான் என்கிறாய். என் அர்த்தம் உனக்கா தெரியாது? குவார்ட்டர்ஸ் கேட்டண்டையே வளர்ந்தவன் நீ. அதனால்தான் உன்னிடம் விளக்கம் சொல்லவில்லை. ரேவதியிடம் சொல்லியிருந்தால் விளக்கியிருப்பேன்.

ஜமீலா புதுப்பெண்ணாகக் குவார்ட்டர்ஸுக்கு வந்த வருஷம் ஒரே வறட்சி. லாரித் தண்ணீர்தான். வயிற்றில் பிள்ளையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அடுத்த பிளாக் சுலோசனா, அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை, "யார்டி இவ? புதுசா கீறா. கடைசியில போய் நில்லு" என்றாள். நான் அவள் குடத்தை வாங்கி என் குடத்துக்கு முன்னால் வைத்து, "நம்ம ஆளு. உடு" என்றேன். அவள் பேர்கூட எனக்கு அப்போது தெரியாது. அன்றிலிருந்து எங்களுக்குள் அந்த வார்த்தைதான். பிள்ளையை அனுப்பும்போது, "போயி நம்ம ஆளாண்ட கொஞ்சம் புளி வாங்கிகினு வா" என்பாள். என் வீட்டுக்கு அனுப்புகிறாள் என்று அதற்கே புரியும். பேக்டரி சம்பளத்தில், ஒரே சங்கு சத்தத்தில் எழுந்து படுத்தவர்கள் எல்லோரும் எனக்கு நம்ம ஆள்தான். அதைத்தான் உன் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன்.

உங்கப்பா என்ன ஆளு என்று கேட்டுவிட்டா சைக்கிளுக்குக் காற்றடித்தார்?

நேற்று நானே ஜமீலா வீட்டுக்குப் போனேன். பூந்தமல்லியில் பஸ் மாறி ஆவடி. மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கிறாள். படி செங்குத்து. கைப்பிடி இல்லை. பாதியில் நின்று அவளைக் கூப்பிட்டேன், வந்து கையைப் பிடித்து ஏற்றினாள். டீ கொடுத்தாள். மகனுக்குப் பெண் பார்ப்பதைச் சொன்னாள், பஷீருக்குச் சர்க்கரை ஏறியதைச் சொன்னாள். நான் பேச்சை எடுத்தேன். நான் அப்படிச் சொல்லவில்லை ஜமீலா, அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்றேன். "உடு. எல்லா ஊட்லயும் சொல்றதுதான்" என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு உயிர் வந்திருக்கும். சண்டை போடவில்லை கஜபதி. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசினாள். புறப்படும்போது, "பாத்துப் போங்க" என்றாள். போங்க! முப்பது வருஷத்தில் என்னை அவள் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நம்பினாலும் நம்பாத மாதிரிதான் இருப்பாள். அந்த வார்த்தையை அவள் கேட்டது உன் வாயிலிருந்து, உன்னிடமிருந்துதான் திரும்ப வர வேண்டும். உன் தொழில் போய்விடும் என்கிறாய். எனக்குப் போனது என்ன என்று உனக்குத் தெரிகிறதா? தொழில் போனால் உனக்கு இன்னொன்று வரும். எனக்கு இந்த வயசில் இன்னொரு ஜமீலாவை எங்கே போய்த் தேடுவது?

போகியன்று வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நானே உன் ஆபீஸுக்கு வந்து அந்த பெஞ்சில் உட்காருவேன். வருகிற ஓனர் எல்லோரிடமும் பேசுவேன். எனக்குக் காது கேட்காது, அதனால் சத்தமாகத்தான் பேசுவேன்.

வடிவு


பட்டாபிராம்
13.1.2025

அம்மாவுக்கு,

போய்விட்டு வந்தேன். நீங்கள் வந்து பெஞ்சில் உட்காருவீர்கள் என்று பயந்து போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஜமீலா அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பஷீர் ஐயா நாற்காலி எடுத்துப் போட்டார். அந்தம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"இன்னா, டிபன் பாக்ஸ் எதுனா உட்டுட்டுப் பூட்டனா?" என்றார்கள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அவ இன்னா சொன்னா? அப்டியே சொல்லு" என்றார்கள். சொன்னேன். "அப்டி இல்ல. அன்னிக்கி உன் ஆபீஸ்ல என்னாண்ட எப்டி சொன்னியோ, அதே கொரல்ல சொல்லு" என்றார்கள்.

அம்மா, அந்த வார்த்தையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அந்தம்மா எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, அதே குரலில் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் சொன்னேன்.

"நம்ம ஆளுன்னா யாருன்னு அவளக் கேட்டியா?"

"கேக்கலம்மா. கேக்காமலே புரிஞ்சிக்கினேன்."

"ஆமா. அது மட்டும் எல்லாருக்கும் கேக்காமலே புரிஞ்சிடுது" என்றார்கள். பஷீர் ஐயா எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் எழுந்துவிட்டேன். வீடு உங்களுக்குத்தான் என்று வடிவு அம்மா சொல்லச் சொன்னார்கள் என்றேன்.

"எனக்கு அந்த ஊடு வேணாம். ஒருவாட்டி இல்லன்னு கேட்டுட்டேன், அந்த வாசப்படிய மறுபடியும் ஏற மாட்டேன் குடித்தனக்காரியா. சாவி யாராண்ட கீது?"

"என்னாண்டதான். ஓனரம்மா திருப்பி அனுப்பிட்டாங்க."

"குடு."

"உங்களுக்குத்தான் ஊடு வேணான்றீங்களே?"

"ஊடு வேணாம்னேன். சாவி வேணாம்னு சொன்னனா? இனிமே அந்த ஊட்டக் கேட்டு யாரு வந்தாலும் என்னாண்ட அனுப்பு. யாரு உள்ள வரணும்னு நான் பாத்துச் சொல்றேன். உங்க ஓனரம்மாவாண்ட சொல்லிடு."

மீன் கையோடு நீட்டினார்கள். சாவிக் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் கொடுத்தது தவறு என்றால் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கையைப் பார்த்த பிறகு கொடுக்காமல் வர முடியவில்லை.

அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்குப் போய் போர்டைக் கழற்றினேன். நிலையிலிருந்து ஆணியையும் பிடுங்கிவிட்டேன். ஓட்டை இருக்கிறது. அரக்கோணத்துக்காரர்களுக்கு இந்துக் கல்லூரி ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு முடித்துக் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை ஒரு ஓனர் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம் போலச் சொன்னார். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. "நம்ம ஆளுன்னா யாரு சார்?" என்று கேட்டுவிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்கு எழுந்து போய்விட்டார். போகியும் அதுவுமாகப் போணி போனது. இதற்கும் நீங்கள்தான் காரணம் என்று எழுதி வைக்கிறேன்.

நம் ஒப்பந்தம் இத்துடன் முடிந்தது.

கஜபதி


காட்டுப்பாக்கம்
2.2.2025

கஜபதிக்கு,

உன் கடிதம் பொங்கல் முடிந்து கிடைத்தது. சாவியை அவளிடம் கொடுத்தது தவறா என்று கேட்டிருக்கிறாய். உன் வாழ்க்கையில் என்னைக் கேட்காமல் நீ செய்த எல்லாமே தவறு, அது ஒன்றைத் தவிர.

அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆணி அடித்ததை மறக்க மாட்டேன். ஓட்டையை மரத்தூளும் கோந்தும் வைத்து அடைக்க வேண்டும், நல்ல தச்சனாகப் பார்த்து அனுப்பு. கறிவேப்பிலையையும் மறக்கவில்லை. வைக்கிறேன் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறாய், கன்றாக வேண்டாம், கொஞ்சம் வளர்ந்ததாகக் கொண்டு வா.

நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்று உனக்கு இருக்கும். குடித்தனக்காரர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததை நான் கவனிக்கவில்லையா என்று கேட்டாய். தை பிறந்து நான் மறுபடி அவள் மாடிக்கு ஏறியபோது ஜமீலாவும் அதையேதான் கேட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவளுக்குச் சொன்னேன். உனக்கு எதற்கு?

பொங்கலுக்கு அடுத்த நாள் அவள் பட்டாபிராம் வீட்டைத் திறந்து கழுவியிருக்கிறாள். பக்கத்து வீட்டு ஸ்வாதி ரேவதிக்குப் போட்டோ அனுப்பினாள். படத்தில் ஜமீலா வாசலில் துடைப்பத்தோடு நிற்கிறாள். பின்னால் கூட்ஸ் வண்டியில் டாங்கிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வீட்டுக்காரர்கள் செய்த டாங்கி மாதிரிதான் இருக்கிறது. அந்தப் படத்தைப் பெரிது பண்ணிப் பண்ணி அவள் முகத்தைப் பார்த்தேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறாள். கோபமா இல்லையா என்று தெரியவில்லை.

அவள் இன்னும் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. ஓனரம்மா என்கிறாள். மோட்டார் ரிப்பேர் என்றால், "ஓனரம்மாவாண்ட சொல்லிடு" என்று ரேவதியிடம் சொல்லி அனுப்புகிறாள். நீ அன்றைக்கு என்னை அவளிடம் அந்தப் பேரால்தானே சொன்னாய்? உன் வாயிலிருந்து போன பேர் அவள் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது உதிர்கிற வரைக்கும் உனக்கும் எனக்கும் முடிந்ததாக நான் நினைக்கவில்லை, நீ எத்தனை ஒப்பந்தம் முடித்தாலும் சரி.

இன்றைக்குச் சாயங்காலம் அவளே போன் செய்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. ரேவதி போனை என் வலது காதில் வைத்தாள். ரோட்டில் லாரி போகிறது, பால்கனியில் நிற்கிறேன், பாதிதான் கேட்டது.

"ஓனரம்மா, ரெண்டு பொண்ணுங்க வந்துகீதுங்க ஊடு பாக்க. அம்பத்தூர்ல வேலையாம். நம்ம ஆளுங்களா இன்னான்னு கேக்கட்டா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரித்தாளா, தொண்டையைச் செருமினாளா என்று தெரியவில்லை. "இன்னாடி?" என்று கத்தினேன். லைன் போய்விட்டது. ரேவதியைக் கேட்டேன், நான் கவனிக்கலம்மா என்கிறாள். என்ன பெண் இவள்.

மறுபடி போன் செய்யட்டுமா என்று ரேவதி கேட்டாள். வேண்டாம் என்றேன். காலையில் முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். அந்தச் சத்தம் என்ன என்று அவள் முகத்தைப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.

வடிவு